நண்டு வண்டிக்குப் பூசிய எண்ணெய்

போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து கூனிமேட்டு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். நான் பூசைக்குப் போவதே அந்த டீக்காகத்தான் என்று என் மனைவி சொல்வாள். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. அரை டம்ளர் உள்ளே போயிருக்கும், சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குச் சைக்கிள் மிதிக்கிற கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. ஞாயிறானால் ஈ.சி.ஆர். ரோட்டில் இவர்கள் ராஜ்ஜியம்தான். உடம்போடு ஒட்டிய சட்டை, கறுப்புக் கண்ணாடி, ரெண்டு விரலில் தூக்கிவிடலாம் போன்ற மெலிந்த வண்டிகள். எல்லாம் ஒரே கறுப்பு. எது எவனுடையது என்று எப்படித்தான் கண்டுபிடிப்பார்களோ!

கூட்டத்துக்குப் பின்னால், மூச்சு வாங்க, ஒருவன் தனியாக வந்து சேர்ந்தான். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கலாம். அவனை நான் எங்கே பார்த்தேன்? வண்டியைத்தான் பார்த்தேன். ஐயோ, அந்த வயலெட்! திருவிழா டான்ஸ்காரர்களின் ஜிகினாப் பாவாடையில் மட்டும் பார்த்திருக்கிற வயலெட். அதன்மேல் யாரோ மஞ்சள் பெயின்ட் பிரஷ்ஷை உதறிவிட்டது போலத் தெறிப்பு. ஹேண்டில்பாருக்குக் கீழே, எல்லாச் சைக்கிளுக்கும் இருக்கிற ரெண்டு நேர்க்கம்பி இதற்கு இல்லை. அதற்குப் பதில் முட்டி வைத்து மடங்குகிற நாலு கால்கள் முன் சக்கரத்தைக் கவ்விப் பிடித்திருந்தன.

டம்ளரைப் பெஞ்சில் வைத்தேனா, கீழே போட்டேனா, தெரியாது. நேராகப் போய்க் குனிந்து, அந்த முட்டியில் மூக்கை வைத்து மோந்தேன். அந்தப் பிள்ளை பயந்தே போனான்.

"சார், சார்... என்ன பண்றீங்க?"

"இரு தம்பி. ஒரு நிமிஷம் இரு."

லேசாக, ரொம்ப லேசாக, தொண்டையில் போய்க் கீறுகிற ஒரு வாசனை. முந்திரிக்கொட்டை எண்ணெய்! உண்மையிலேயே வாசனை வந்ததா, என் மூக்கே வரவழைத்துக்கொண்டதா என்று கேட்டால் நான் சத்தியம் செய்ய மாட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது மட்டும் நிஜம்.

அந்த எண்ணெயை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், சொல்லிவிடுகிறேன். பருப்பை எடுத்தபின் மிஞ்சுகிற முந்திரி ஓட்டிலிருந்து இறக்குவது. கறுப்பாக, பிசுபிசுவென்று இருக்கும். எங்கள் கரையில் வல்லத்துக்கும் கட்டுமரத்துக்கும் அதைத்தான் பூசுவார்கள். பூசிவிட்டால் உப்புத்தண்ணீர் மரத்தை ஒன்றும் செய்யாது, பூச்சி அரிக்காது. ஆனால் பொல்லாத எண்ணெய். காயாமல் உடம்பில் பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ரெண்டு நாள் கழித்துக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். என் சித்தப்பாவுக்குச் சொந்தமாக ஒரு வல்லம் இருந்தது. அதற்குப் பூசுகிற அன்று முழங்கைவரை தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, குச்சி நுனியில் துணி சுற்றிப் பூசுவார். ரெண்டு வெயில் முழுசாகக் காயவிட்டுத்தான் யாரையும் ஏறவிடுவார். இந்த ரெண்டு வெயில் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வல்லத்து எண்ணெய் சைக்கிளுக்கு எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். சலீமிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். நானும் சலீமும் பத்தாவதுவரை ஒரே பெஞ்சு. ஈ.சி.ஆர். போட்ட புதிதில் அவன் கூனிமேட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். கடைக்கு முன்னால் பத்துப் பதினைந்து கறுப்பு வண்டிகள் வரிசையாக நிற்கும். சோறு போட்டவை அவைதான். ஆனால் சலீமுடைய உயிர் கடைக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. மூன்றே மூன்று வண்டி.

பொம்மையார்பாளையத்துப் பக்கம் வந்து தங்குகிற வெள்ளைக்காரர்கள் அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்தவை அவை. திரும்பிப் போகும்போது யார் தலையிலாவது கட்டிவிட்டுப் போவார்கள். அந்தத் தலை எப்போதும் சலீமுடையதாகவே இருந்தது. மலையில் ஓட்டுகிற சைக்கிளாம்! எங்களுக்கு மலை வேண்டுமானால் பெருமுக்கல் போக வேண்டும். போனோம், அதையும் விடவில்லை. அடிவாரத்துப் பாறைச் சரிவில் ஒரு தடவை இறங்கிப் பார்த்து, என் முன்பல்லில் ஒரு துண்டை அங்கேயே காணிக்கையாகப் போட்டுவிட்டு வந்தேன்.

அந்த வண்டிகளை உண்டாக்கியவர்கள் இருக்கிறார்களே, அவர்களைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு இப்போதும் தோன்றும். மேடு பள்ளத்தின் அதிர்ச்சி ஆளுக்கு வரக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். அதற்குச் சைக்கிளில் எங்கே கீல் வைக்கலாம் என்று ஆளாளுக்கு ஒரு யோசனை, யாரும் யாரையும் கேட்கவில்லை போல! ஒரு வண்டியில் சீட்டுக்குக் கீழே தாங்குகிற கம்பியே கிடையாது. கழுத்திலிருந்து ஒரு நீளச் சட்டம் பின்னோக்கி வந்து அந்தரத்தில் நிற்கும், அதன் நுனியில் சீட்டு. ஏறி உட்கார்ந்தால் மேலும் கீழும் ஆட்டும். அதற்கு ஒட்டகம் என்று பெயர் வைத்தோம். நிறம், ரோஸ் மில்க் ரோஸ். இன்னொன்றில் ஹேண்டில்பார் கழுத்திலேயே கீல். பிரேக் பிடித்தால் தலை குனிந்து வணக்கம் வைக்கும். கண்ணைக் கூசும் பச்சை. அது வெட்டுக்கிளி.

மூன்றாவதுதான் நண்டு. முன் சக்கரத்துக்கு மேலே மடங்குகிற நாலு கால், அவற்றுக்கு நடுவில் ஒரு குட்டிக் குழாய், குழாய்க்குள் ரப்பர் வில்லைகள். பின் பக்கமோ அதைவிட விசித்திரம். பெடலும் பின் சக்கரமும் ஒரே துண்டு. அந்தத் துண்டு முழுசாக ஒரு கீலில் ஆடும். உட்கார்ந்து மிதித்தால் மெத்தை. எழுந்து நின்று மிதித்தால் ஆள் கனம் பெடலில் இறங்கி, ஆட்டம் நின்று, வண்டி கட்டையாகிவிடும். இதை முதன்முதலில் கண்டுபிடித்த அன்று நானும் சலீமும் சந்தில் மாறி மாறி உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, பார்த்தவர்களெல்லாம் எங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றே நினைத்தார்கள்.

நண்டு வந்தபோது அந்த ரப்பர் வில்லைகள் பழைய கேக் மாதிரி உதிர்ந்துபோயிருந்தன. அதற்கெல்லாம் அசருகிற ஆளா சலீம்? ஒரு இரும்புக் குழாயின் விளிம்பைச் சாணை பிடித்தான். பள்ளிவாசலுக்குப் போக வைத்திருந்த தன்னுடைய ஹவாய் செருப்பைக் கழற்றினான். குழாயை மேலே வைத்துச் சுத்தியலால் ஒரே போடு. மேலே வெள்ளை, அடியில் நீலம், அச்சு அசலாக வட்டம்! ஒன்பது வில்லை. குழாய்க்குள் அடுக்கி, மூடி, ஹேண்டில்பாரை ஒரு அமுக்கு அமுக்கினான். கிறீச் என்று இறங்கி, மெதுவாக மேலே வந்தது.

"எப்புடி?" என்றான், வெறுங்காலோடு.

எனக்கு அப்போது மரக்காணம் உப்பளத்தில் ஒரு முதலாளியின் ஆபீஸில் தற்காலிக குமாஸ்தா வேலை. ஆபீஸ் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு கொட்டகை. எங்கள் மேஸ்திரிகள் மூன்று பேரும் விடிந்தால் வரப்பு வரப்பாக எல்லாப் பாத்தியையும் சுற்றிவர வேண்டும். உப்பு பூத்திருக்கிறதா, தண்ணீர் கசிகிறதா என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். அந்த வரப்பு இருக்கிறதே, மழையில் மிதிபட்டு வெயிலில் இறுகி, குண்டும் குழியுமாகக் கிடக்கும். சாதாரண சைக்கிளில் போனால் வயிற்றில் இருப்பதெல்லாம் வாய்க்கு வந்துவிடும். அதனால் நடந்தே போவார்கள். ஒரு சுற்று முடிய மத்தியானம் ஆகிவிடும். ஒருநாள் என் மூளையில் பளிச்சென்று பட்டது. மேடு பள்ளத்துக்கென்றே பிறந்த மூன்று வண்டி அங்கே தார்ப்பாய்க்குள் தூங்குகிறது, மேடு பள்ளத்தில் சாகிற மூன்று மேஸ்திரி இங்கே இருக்கிறார்கள்!

மேனேஜரிடம் சொன்னேன். அவர் கனத்த உடம்புக்காரர். எந்நேரமும் வெள்ளைப் பேன்ட், வெள்ளைச் சட்டை. உப்புக்குப் போட்டியாக உடுத்துகிறாரோ என்று பேசிக்கொள்வோம். "மாச வாடகைக்கு எடுத்துக்கலாம்தான். ஆனா செவ்வாக்கெழமை நானே ஓட்டிப் பாப்பேன். சரின்னு பட்டா புதன்கெழமை ஆர்டர்" என்றார்.

இதை நான் ஓடிப்போய்ச் சொன்னபோது சலீம் சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். காரணம் இருந்தது. அவன் மாமு, அதாவது அம்மாவின் தம்பி, அவனுக்குச் சவுதி விசா எடுத்து வைத்திருந்தார். அடுத்த வியாழக்கிழமை சென்னையில் மெடிக்கல். போனால் மூன்று வருஷம் கழித்துத்தான் வர முடியும். கடையில் வருமானம் போதவில்லை, போகவில்லை என்று மாமுவிடம் சொல்ல வாயில்லை. சலீமுக்குப் பெண் குழந்தை பிறந்து மூணு மாசம் முடிந்திருந்தது.

"ஆர்டர் மட்டும் வந்துடுச்சுன்னா மாமு கைல கால்ல வுழுந்து விசாவ திருப்பிக் குடுத்துடுவேன்டா" என்றான். "புள்ள இன்னும் குப்புற வுழல. இப்பவோ அப்பவோன்னு ஒருக்களிச்சுக்கிட்டே கெடக்குறா. அத பாக்காம பிளேன் ஏறணுமா நான்?"

அப்புறம் எங்களைப் பிடிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை அவன் தொழுகை முடிந்து வந்ததும் மூன்று வண்டியையும் உப்பளத்துக்குக் கொண்டுபோய் ஒத்திகை பார்த்தோம். நான் ஒட்டகத்தில் ஏறினேன். அடடா, அந்தச் சுகம்! இந்தப் பக்கம் பாத்தியில் வானம், அந்தப் பக்கம் பாத்தியில் வானம், நடுவில் ரெண்டடி வரப்பு. அதன்மேல் ரோஸ் நிற ஒட்டகத்தில் நான், ஆடி ஆடிப் பறக்கிறேன். உப்பு வாருகிற பெண்கள் பலகையை ஊன்றி நின்றுவிட்டார்கள். அவர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு கையை விட்டுக் காட்டினேன். சடக் என்று ஒரு சத்தம். அடுத்த நொடி நான் பாத்திக்குள் கிடந்தேன். வாயெல்லாம் உப்பு.

"யோவ் கிளார்க்கு! பூத்து வந்த பாத்திய கலக்கிட்டியே, கண்ணு தெரியல?" என்று ஒரு அம்மாள் கத்தினாள். விழுந்தவனுக்கு அடி பட்டதா என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

ஒட்டகத்தின் சட்டத்தைப் பிடித்திருந்த போல்ட் துருவேறி முறிந்திருந்தது. எங்கள் காற்று அப்படி. புதுப் பூட்டு வாங்கினால் மூணாவது மாசம் சாவி திரும்பாது. வெட்டுக்கிளியைப் பார்த்தோம், அதன் கீல் போல்ட்டும் பொரிந்துபோயிருந்தது. மிச்சம் நண்டு ஒன்றுதான். அதிலும் முட்டிக்கு முட்டி செம்பட்டை நிறம் எட்டிப் பார்த்தது.

"செவ்வாக்கெழம வரைக்கும் தாங்குமாடா?" என்றான் சலீம். முகமே செத்துவிட்டது.

அப்போதுதான் நான் அந்த யோசனையைச் சொன்னேன். இதைப் படித்துக்கொண்டிருக்கிற உங்களிடம் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், சொன்னது நான், நானேதான். "சித்தப்பா வல்லத்துக்குப் பூசுற எண்ணெய் இருக்குதுல்ல? அத பூசிடலாம். கடலுக்குள்ளயே நிக்குது, இந்தக் காத்துக்கா நிக்காது?"

சலீம் தயங்கினான். "அது ஒடம்புல பட்டா கொப்புளிக்குமேடா."

"காஞ்சா ஒண்ணும் பண்ணாது. எங்க வூட்டு எண்ணெய், எனக்குத் தெரியாதா?"

சனிக்கிழமை சாயங்காலம் சித்தப்பா கொட்டகையிலிருந்து ஒரு டின் எடுத்துவந்தேன். முழங்கைவரை தேங்காயெண்ணெய், குச்சி, துணி, எல்லாம் முறைப்படி. நாலு காலுக்கும் பூசினேன். முட்டிக்குள் வடியவிட்டேன். பின் கீலுக்கு, போல்ட்டுக்கு, சட்டத்துக்கு. வயலெட் தெரியாமல் வண்டி கருகருவென்று ஆகிவிட்டது. சீட்டின் உறை வெடித்திருந்தது. என் கை சும்மா இருக்குமா? அதற்கும் ரெண்டு பூச்சு, தாராளமாக. சனி பூசியாயிற்று. ஞாயிறு ஒரு வெயில், திங்கள் ஒரு வெயில், செவ்வாய்க்கு வண்டி தயார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. மரம் எண்ணெயைக் குடிக்கும், இரும்பு குடிக்குமா, ரெக்சின் குடிக்குமா என்று மட்டும் யோசிக்கவில்லை.

திங்கள் காலை ஆபீஸில் நுழைகிறேன், மேனேஜர் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு நிற்கிறார். "நாளைக்கு முதலாளி வர்றாரு. இன்னைக்கே பாத்துடலாம், கொண்டாரச் சொல்லு அந்தச் சைக்கிள."

வேண்டாம் சார், இன்னும் ஒரு வெயில் காயணும் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் என்னை நிரந்தரமாக்குகிற பேப்பர் அவர் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. நான் ஓடிப்போய்ச் சலீமைக் கூட்டிவந்தேன்.

அதற்கப்புறம் நடந்தது இருக்கிறதே, நான் சாகிறவரை மறக்க மாட்டேன். "சார், எந்திரிச்சு நின்னு மட்டும் மிதிக்காதீங்க. ஒக்காந்தே மிதிங்க, அப்பதான் மெத்த மாதிரி போவும்" என்று சலீம் சொல்லிக் கொடுத்தான். மேனேஜர் ஏறினார். நண்டு கிறீச்சென்று நாலு காலையும் மடக்கி இறங்கியது.  பிறகு மெல்ல நிமிர்ந்தது. சின்னப் பிள்ளைக்குப் பழக்குகிற மாதிரி சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சலீம் கூடவே ஓடினான். பத்தடி, இருபதடி. கையை விட்டான். போகிறார்! குழியில் இறங்குகிறது, கால் மடங்குகிறது, மேலே ஆள் அசையவில்லை. மேட்டில் ஏறுகிறது, அசையவில்லை. வெள்ளைவெளேர் என்று அவ்வளவு பெரிய உடம்பு வரப்பின்மேல் மிதந்துகொண்டே போகிறது. உப்பு வாருகிற பெண்கள் குலவை போட்டார்கள்.

"சாரு தேர் மேல போறாரு பாருங்கடி!"

கோடியில் குவித்திருந்த உப்பு அம்பாரம்வரை போய்த் திரும்பி, எங்களிடம் நிற்காமல், மணி அடித்துக்கொண்டே இன்னொரு சுற்றுப் போனார். மூன்றாவது சுற்றும் போனார். நான் கத்துகிறேன், சலீம் கத்துகிறான், மேஸ்திரிகள் தலைத்துண்டை அவிழ்த்துச் சுற்றுகிறார்கள். அவர் இறங்கியபோது முகத்தில் பன்னிரண்டு வயசு. பேன்ட்டின் பின்பக்கம், சீட்டின் அளவில், காப்பிக்கொட்டை நிறத்தில் அகலமாக ஒரு கறை. சலீம் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"போனாப் போவுதுய்யா பேன்ட்டு" என்று சிரித்தார் அவர். "ஏம்பா, மிச்சம் ரெண்டையும் ரெடி பண்ணு. புதன்கெழம வந்து ஆர்டர் வாங்கிக்க."

அன்றைக்குச் சலீம் வீட்டில் சேமியா பாயசம். குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டு, "இந்த மாமாதான்டி உன் அத்தாவ ஊர்ல நிறுத்தி வெச்சது" என்றான். 

புதன்கிழமை ஆபீஸில் மேனேஜர் நாற்காலி காலி. வீட்டுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. போனோம். கட்டிலில் அவர் குப்புறப் படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே வாழையிலை போட்டு மூடியிருந்தது. அறை முழுக்கக் களிம்பு வாசனை. தலையைத் தூக்கக்கூட முடியாமல், தலையணையோடு பேசினார்.

"டாக்டர் பாத்ததுமே சொல்லிட்டாரு, முந்திரிக்கொட்ட எண்ணெய்னு. எந்த மடையன்யா அத சைக்கிளுக்குப் பூசுனது?"

நான் வாழையிலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.  எனக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல், "நான்தான் சார். கடைல கெடந்த எண்ணெய். தெரியாம பூசிட்டேன்" என்றது.

"போய்யா. அந்தச் சனியன என் கண்ணுல காட்டாத."

வெளியே வந்ததும் சலீமின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினான். சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிய கை. கட்டை விரலுக்கடியில் மூன்று கொப்புளம். நேற்றே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. "வுடுறா" என்றான். "எனக்கு விசா இருக்குது. உனக்கு அந்த வேலைய வுட்டா என்ன இருக்குது?" மறுநாள் அந்தக் கையோடு சென்னை போனான். மெடிக்கல் பாஸ். பதினைந்தாம் நாள் விமானம். என் பேப்பரில் மேனேஜர் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார்.

டீக்கடைக்கு வருகிறேன். அந்தச் சென்னைப் பிள்ளை என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்திருந்தான். பழைய மலைச் சைக்கிள்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறவனாம். பொம்மையார்பாளையத்தில் ஒரு முந்திரித் தோப்புக் கொட்டகையில் இது கிடைத்ததாம். சலீம் சவுதி போனபின் அவன் மச்சான் எடுத்துப்போய்ப் போட்ட இடம்தான். அவனுக்கோ சொல்லச் சொல்லச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இந்த மாடல் இப்ப பாக்கவே முடியாது சார். அதுவும் கடல்கரையில கெடந்தா கீல், போல்ட் எல்லாம் துருப்பிடிச்சு ஒண்ணுமில்லாம போயிருக்கும். இதுல ஒரு போல்ட், ஒரே ஒரு போல்ட் கூட போகல! மேல கறுப்பா, பிசின் மாதிரி ஏதோ இறுகியிருந்துச்சு. தின்னர் போட்டு ஆறு மாசம் சொரண்டுனேன். உள்ள பாத்தா பெயின்ட் அப்படியே புதுசு. முன்னாடி ரப்பருக்கு யாரோ செருப்ப வெட்டிப் போட்டிருக்காங்க சார், என்னா மூள! நானும் செருப்பு வாங்கித்தான் வெட்டிப் போட்டேன். அந்தக் கறுப்பு என்னன்னுதான் தெரியல. பூசுனது யாரோ, அவரு கால்ல வுழணும்."

"நான்தான்" என்றேன்.

எவ்வளவு சீக்கிரமாக வந்தது பாருங்கள்! திட்டு விழுந்தபோது திறக்காத வாய், பாராட்டு என்றதும் முந்திக்கொண்டது. எனக்கே வெட்கமாகிவிட்டது. உடனே ஃபோனை எடுத்துச் சலீமுக்கு வீடியோ கால் போட்டேன். சவுதியில், தம்மாமில் அப்போது விடிந்த நேரம், சலீம் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். ஏ.சி. மெக்கானிக்; தாடி முழுக்க வெள்ளை. கேமராவை நண்டின் பக்கம் திருப்பினேன்.

"டேய்!" என்று ஒரு சத்தம். "டேய், நண்டுடா! டேய் டேய், அமுக்கச் சொல்லு! அமுக்கச் சொல்லுடா!"

அந்தப் பிள்ளை ஹேண்டில்பாரைப் பிடித்து முழு பலத்தோடு அமுக்கினான். கிறீச். மெதுவாக மேலே வந்தது. அங்கே சலீம் சிரிக்கிறான், இங்கே நான் சிரிக்கிறேன், டீக்கடையே எட்டிப் பார்க்கிறது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று ஆறு தடவை அமுக்க வைத்தான்.

"சலீமு, எண்ணெய் பூசுனது நான்தான்னு சொல்லிட்டேன்டா."

"யாருகிட்ட?"

"இந்தத் தம்பிகிட்ட."

 "அதுக்கு இவ்ளோ வருஷமாடா?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தான். வேலைக்கு வேன் வந்துவிட்டது என்று வைத்துவிட்டான்.

சைக்கிள் கூட்டம் கிளம்பிப் போனது. கறுப்பு வண்டிகளுக்குப் பின்னால் ரொம்ப தூரம்வரை அந்த வயலெட் மட்டும் தெரிந்துகொண்டே இருந்தது. சலீமின் கடை இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. ஒட்டகமும் வெட்டுக்கிளியும் எடைக்குப் போய் எந்த ஊர்ப் பாலத்துக்குக் கம்பியாயினவோ. நாங்கள் வேலை பார்த்த கொட்டகைக்குக் கூரை இல்லை. மேனேஜர் செத்து ஏழெட்டு வருஷம் ஆகிறது; அவரிடம் சொல்ல வேண்டியது சொல்லப்படாமலே போய்விட்டது. ஏர்மெயில் கவர் என்று ஒன்று இருந்தது, ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்டது, அதையும் எந்த போஸ்ட் ஆபீஸிலும் காணோம்.

சலீம் விமானம் ஏறிய பத்தாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழந்தை ஒருக்களித்து, முக்கி, ஒரு கையை மாட்டிக்கொண்டு, தொப்பென்று குப்புற விழுந்தது. சலீமின் அம்மா ஓடிப்போய் வெல்லம் உடைத்தார்கள். நான் அன்றைக்கே ஏர்மெயில் கவர் வாங்கி மூன்று பக்கம் எழுதிப் போட்டேன். இருபது நாள் கழித்துப் பதில் வந்தது. ஒரே கேள்விதான். எந்தப் பக்கமாகத் திரும்பி விழுந்தாள், வலமா இடமா, அதை எழுதவில்லையே?

நண்டுக்கு எத்தனை வில்லை, எந்த முட்டியில் எத்தனை போல்ட் என்று இப்போது கேட்டாலும் சொல்லுவேன். அன்றைக்கு அந்தக் குழந்தை எந்தப் பக்கம் திரும்பியது என்று, பதில் எழுத உட்கார்ந்தபோதே எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. வலப்பக்கம் என்று எழுதிப் போட்டேன்.